கிளம்பும்போது ஒரு ‘டொக்’

“கிளம்பும்போது மட்டும் ‘டொக்’குன்னு ஒரு சத்தம்ணே. அப்புறம் இல்ல.”

டாக்டரின் கையில் சுழன்றுகொண்டிருந்த ஸ்பேனர் நின்றது.

அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை. மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டுவிட்டு, மூணாவது வால்வு என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். எதிர்ப்பக்க வெல்டிங் கடைக்காரர் விளையாட்டாக வைத்த பெயர், இருபது வருடத்தில் அவருடைய சொந்தப் பெயரைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது.

எதிரே நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். டைல்ஸ் கடையின் புது டிரைவர். அவளுக்குப் பின்னால் நின்ற வெள்ளை பிக்கப் வண்டியை டாக்டருக்கு நன்றாகத் தெரியும். அவள் சொன்ன வார்த்தையும் தெரியும். ஆறு வாரத்துக்கு முன்னால், இதே வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொருவன் இதையேதான் சொன்னான். ‘டக்’ இல்லை, ‘டங்’ இல்லை. ‘டொக்’.

அவன் டாக்டரின் மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி.

அன்றைக்கு டாக்டர் வண்டியைத் தெருமுனை வரை மூன்று தடவை ஓட்டினார். சத்தம் இல்லை. அவனையே ஓட்டச் சொன்னார். அப்போதும் இல்லை. அவன் கையில் ஏதோ ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, இதைக் கொஞ்சம் பாருங்க மாமா என்று ஆரம்பித்தான். வெல்டிங் கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் நின்றால் டாக்டரின் நாக்கில் காரம் கூடும்.

“எழுதிக் காட்டினா சத்தம் வந்துடுமா மாப்ள?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அட்டையை வண்டிக்குள் எங்கோ செருகிவிட்டுக் கிளம்பிப் போனான்.

அன்று மாலை டைல்ஸ் கடை முதலாளியிடமிருந்து ஃபோன். வண்டி கிளம்பும்போதெல்லாம் உதறுகிறது, டைல்ஸ் பெட்டிகளில் மூலை உடைகிறது, கோளாறு வண்டியிலா ஆளிலா என்று கேட்டார். டாக்டர் பதில் சொல்ல மூச்சுக்கூட இழுத்துவிடவில்லை.

“வண்டி நல்லா இருக்கு. கால்தான் சரியில்ல.”

மறுநாள் மைத்துனனுக்கு வேலை இல்லை. அந்த ஒரு வேலை மட்டும் போயிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பான். ஆனால் டிரைவரின் பெயர், வண்டியை விட வேகமாக ஊரைச் சுற்றும். கிளட்ச்சைச் சட்டென்று விட்டு வண்டியை உதற வைக்கிறவன் என்று ஆகிவிட்டால் யார் சாவியைக் கையில் கொடுப்பார்கள்? இரண்டு இடத்தில் கேட்டான். டாக்டரே சொல்லிட்டாராமே, அதுவும் சொந்த மாமாவே சொல்லிட்டாராமே என்று இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். பதினோரு வருடம் வண்டி ஓட்டியவன், இப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பார்க்கிங்கில், தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து அடுத்தவர் வண்டிக்கு டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது புது டிரைவர். புதுக் கால். அதே சத்தம்.

ஒரே நோயை இரண்டு பேர் சொன்னால் என்ன அர்த்தம் என்று டாக்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“வண்டிய எடும்மா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

அவள் எடுத்தாள். எடுத்த விதத்திலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. கிளட்ச் மேலே வருவதும் வண்டி நகர்வதும் எப்போது நடந்தது என்றே தெரியவில்லை. தெரு பின்னால் போக ஆரம்பித்தபோதுதான் கிளம்பிவிட்டோம் என்று புரிந்தது. ஆறு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டினேன் என்றாள். தூங்குகிற குழந்தை முழித்தால் அழும், அழுதால் ஆயா திட்டுவார், ஆயாவுக்குப் பயந்தே கால் பழகிவிட்டது என்றாள்.

தெருமுனை வரை போய் வந்தார்கள். ‘டொக்’ வரவில்லை. இன்னொரு தடவை போனார்கள். வரவில்லை.

“டாக்டர் வீட்டு வாசலுக்கு வந்ததும் காய்ச்சல் விட்டுப் போற மாதிரி இருக்கேண்ணே,” என்றாள் அவள். “காலையில குடோன்லேர்ந்து கிளம்புறப்ப வந்துச்சு. மேட்டுல நின்னு எடுத்தப்ப வந்துச்சு. சாமானை இறக்கிட்டுத் திரும்பினா வர மாட்டேங்குது.”

“இறக்கிட்டுத் திரும்பினாவா?”

“ஆமா. லோடு இருந்தாதான்.”

“அப்ப லோடோட கொண்டு வர்றதுதானே?”

அவள் கையை நீட்டி, பட்டறை வாசலுக்கு மேலே இருந்த போர்டைக் காட்டினாள். சிவப்பு எழுத்தில், டாக்டரே தன் கையால் எழுதியது: லோடு வண்டி உள்ளே வரக்கூடாது.

அந்த எழுத்துக்கு ஒரு காரணம் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன், செங்கல் ஏற்றிய வண்டி ஒன்று ஜாக்கியிலிருந்து நழுவி, டாக்டரின் இடது கைச் சுண்டுவிரலில் நகத்தோடு ஒரு கணுவை எடுத்துக்கொண்டது. கட்டுப் பிரித்த அன்றே போர்டு எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு வந்த எல்லா வண்டியும் வெறும் வயிற்றோடுதான் வந்தது. நல்ல விதிதான். ஆனால் லோடு ஏறினால் மட்டும் வருகிற வியாதி அந்த வாசலைத் தாண்டி எப்படி உள்ளே வரும்? பன்னிரண்டு வருடத்தில் அவருக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

நாளைக்குக் காலையில் குடோனுக்கு நானே வருகிறேன் என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். ஆறு வாரமாக அந்த வீட்டில் மனைவி அவரிடம் நேராகப் பேசுவதில்லை. பேசாமலும் இல்லை. ஃபேனைப் பார்த்துப் பேசுவாள், குழாயைப் பார்த்துப் பேசுவாள். ‘சில பேருக்குத் தண்ணி வேணும்னா எழுந்து எடுத்துக்கலாம்’ என்று ஃபிரிட்ஜிடம் சொல்வாள். தட்டில் சோறு விழும் சத்தத்தை வைத்தே அன்றைய வானிலையைக் கணித்துவிடலாம். இதற்கு ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

இரண்டு வாய் சாப்பிட்டார்.

“அந்த டைல்ஸ் வண்டி இன்னைக்கு வந்துச்சு.”

அவள் ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

“புது டிரைவர். ஒரு பொண்ணு. அதே சத்தம்னு சொல்லுது.”

“அந்தப் பொண்ணுக்கும் கால் சரியில்லையாமா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அவன் உங்களை இதுவரைக்கும் ஒரு வார்த்தை தப்பா சொல்லல,” என்றாள் அவள். “நான்தான் திட்டினேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘மாமாவுக்கு நேரம் இருந்திருந்தா வந்து பார்த்திருப்பாருக்கா’ன்னான். நேரம் இல்லாமயா இருந்துச்சு உங்களுக்கு?”

நேரம் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் முழுவதும் வெல்டிங் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால் சரியில்லாத டிரைவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அதை மனைவியிடம் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் குடோனில் இருந்தார். தகரக் கூரைக்குக் கீழே சுவர் உயரத்துக்கு டைல்ஸ் பெட்டிகள். அட்டை வாசனையும் சிமென்ட் தூசியும் கலந்து மூக்கை அரித்தன. சுமை தூக்குகிற இரண்டு பேர் பிக்கப்பில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டி ஏற ஏற, வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார் டாக்டர். இந்த வண்டி இப்படித் தாழ்ந்து நின்று அவர் பார்த்ததே இல்லை. எத்தனையோ வருடம் பழகிய ஆளை முதல் தடவையாகச் சுமையோடு பார்ப்பது போல இருந்தது.

கேபினுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு அடுக்கச் சொன்னார். நாற்பத்தைந்து பெட்டி ஏறியதும் அந்த இடத்தில் ஏறிக் குந்தினார். ஸ்க்ரூடிரைவர் முனையை வண்டியின் தரைத் தகட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடினார்.

“எடும்மா.”

டொக்.

காதில் கேட்கவில்லை; பல்லில் கேட்டது. யாரோ அடியிலிருந்து மரச்சுத்தியலால் ஒரே ஒரு அடி அடித்துவிட்டு ஓடிவிட்டதைப் போல. பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அடங்கின. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி வெண்ணெயாகப் போனது.

நிறுத்தச் சொல்லி, ஸ்க்ரூடிரைவரை ஒரு முழம் பின்னால் தள்ளி ஊன்றினார். மறுபடி எடுக்கச் சொன்னார். டொக். இன்னும் பின்னால். டொக், ஆனால் சன்னமாக. முன்னால் வந்தார். இங்கேதான். வண்டியின் நடுவயிறு.

அதற்கப்புறம் நடந்தது ஒவ்வொரு சந்தேக ஆசாமியாகக் கூப்பிட்டு விசாரிக்கிற வேலை. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தால் கிளம்பும்போது இன்ஜின் துள்ளும். பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை மெல்ல விடச் சொல்லிப் பார்த்தார். துள்ளவில்லை. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிடித்துக் கட்டியிருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினார். இறுகிய போல்ட் ‘டிங்’ என்று பதில் சொல்லும். எட்டும் சொல்லின. மிச்சம் ஒன்றுதான். இன்ஜினின் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீள ஷாஃப்ட்.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் போக வேண்டும். லோடு வண்டிக்கு அடியில்.

இரண்டு பக்கமும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தார். வைத்ததை உதைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை உதைத்தார். ஜாக்கி இல்லை, நான்கு சக்கரமும் தரையில்தான் நிற்கிறது, நழுவ வழியே இல்லை என்று மூளைக்குத் தெரிந்தது. இல்லாத விரல் நுனிக்குத் தெரியவில்லை, அது துடித்தது. மல்லாந்து படுத்து, முதுகால் நகர்ந்து உள்ளே போனார்.

ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். மூட்டுகளில் ஆட்டம் இல்லை. நடுவில், ஒரு குழாய்க்குள் இன்னொன்று போய் வருகிற இடம் இருக்கிறது. வண்டி ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் கொஞ்சம் நீளவும் குறுகவும் வேண்டுமே, அதற்காக வைத்த சறுக்கல். அந்த விளிம்பில், இரண்டு குழாய் மேலும் படும்படி சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். வெளியே வந்து, வண்டியை இரண்டடி மட்டும் எடுத்து நிறுத்தச் சொன்னார். மறுபடி கட்டைகள். மறுபடி உள்ளே.

கோடு உடைந்திருந்தது. பாதி ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம். நடுவே நக அகலத்துக்கு ஓர் இடைவெளி.

அவ்வளவுதான் விஷயம். லோடு ஏறினால் ஸ்பிரிங் அமுங்குகிறது. ஷாஃப்ட்டின் நீளம் மாறுகிறது. கிளம்புகிற இழுப்பில் அந்தச் சறுக்கல் மெதுவாக வழுக்க வேண்டும். வழுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. தாங்க முடியாமல் போனதும் ஒரே குதி. டொக். வெறும் வண்டியில் அமுங்கலும் இல்லை, இழுப்பும் இல்லை. அதனால் குதியும் இல்லை.

ஏன் வழுக்கவில்லை? கிரீஸ் இல்லை. ஏன் இல்லை? இந்த வண்டிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் கிரீஸ் அடித்தது. அடித்தது அவரேதான்.

கிரீஸ் உள்ளே போகிற சின்ன நிப்பிளைத் தேடினார். கிடைக்கவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனதில், கறுப்பு மேட்டுக்கு நடுவே ஒரு சின்னப் பரு தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினார். தோல் மாதிரி ஒரு படலம் உரிந்து வந்தது.

பெயின்ட்.

சில விஷயங்களைப் புரிந்துகொள்ள நேரம் ஆகும். இது அந்த ரகம் இல்லை. வருடாந்திரச் சோதனைக்குப் போகிற வண்டிகளுக்கு அடிப்பாகத்தைக் கழுவி, கறுப்பு பெயின்ட் ஸ்பிரே அடித்துப் பளபளவென்று அனுப்புவது டாக்டரின் தனி முத்திரை. வேறு எந்தப் பட்டறையிலும் அடிவயிற்றுக்கு மை பூசுகிற வழக்கம் கிடையாது. டாக்டர் கை பட்டால் வண்டியின் அடியில்கூட முகம் பார்க்கலாம் என்று ஊர் சொல்லும். அந்தப் பூச்சில் நிப்பிள் அடைத்துவிட்டது. அப்புறம் கிரீஸ் அடித்தபோது, உள்ளே போகாமல் வெளியே பிதுங்கியது. நிறைந்துவிட்டது என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டார். துடைத்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. நன்றாகவே வந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியைக் கட்டிவிட்டவரும் அவர்தான், கேட்கவில்லை என்று சாதித்தவரும் அவர்தான்.

மல்லாந்தபடியே கிடந்தார். முகத்துக்கு ஒரு முழம் மேலே நாற்பத்தைந்து பெட்டிகளின் கனம். கைக்கு எட்டும் தூரத்தில் கிரீஸ் கன்.

நிப்பிளைச் சுத்தமாகத் துடைத்து, நாலு அழுத்து அழுத்தினால் போதும். அரை நிமிட வேலை. சத்தம் செத்துப்போகும். ஒரு போல்ட் தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். டைல்ஸ் கடையின் ஆறு வண்டிகளும் வழக்கம் போல அவருடைய பட்டறைக்கே வரும். மைத்துனனுக்கு வேறு எங்காவது, கொஞ்ச நாள் கழித்து, அவரே பார்த்து ஏதாவது... செய்யாமலா இருப்பார்?

அவருடைய மனசு ரொம்ப நியாயமாகப் பேசிக்கொண்டிருந்தது. அதில் இருந்த கோளாறைக் கேட்கவும் ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டியிருந்தது.

“சுரண்டறதுக்கு ஏதாவது அட்டை கிடைக்குமாம்மா?” என்று கீழேயிருந்து கேட்டார்.

கேபின் கதவு திறந்தது. அவள் தேடுவது கேட்டது. கண்ணாடிக்கு மேலே, வெயிலுக்கு மடக்குகிற தடுப்பைக் கீழே இழுக்கும் சத்தம். வண்டிக்கு அடியில் ஒரு கை வந்தது.

“இது போதுமாண்ணே? இங்க செருகியிருந்துச்சு.”

டைல்ஸ் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை. வாங்கி மடித்துச் சுரண்டப் போனவர், எழுத்தைப் பார்த்தார். பொடிப்பொடியான, வலது பக்கம் சாய்ந்த எழுத்து. அந்த எழுத்தில்தான் மனைவிக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கார்டு வரும்.

‘வெறும் வண்டி: இல்ல.
15 பெட்டி: இல்ல.
30 பெட்டி: லேசா.
45 பெட்டி: டொக்.
45, மேட்டுல: பெரிய டொக்.
45, ரெண்டாவது கியர்ல கிளம்பினா: லேசா.
கிளட்ச் மெதுவா விட்டா, வேகமா விட்டா: ரெண்டுக்கும் ஒண்ணுதான்.’

அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கடைசியாக ஒரு வரி:

‘வெறும் வண்டியில மாமாவுக்குக் கேக்காது. குடோனுக்குக் கூட்டிட்டு வந்து காட்டணும்.’

டாக்டர் இரண்டு தடவை படித்தார். அவர் இன்று காலை முழுவதும் ஸ்க்ரூடிரைவரும் சாக்பீஸுமாக உருண்டு கண்டுபிடித்ததில் முக்கால்வாசி இந்த அட்டையில் இருந்தது. அவன் வெறும் காலையும் காதையும் வைத்துக்கொண்டு எழுதியிருந்தான். யாரையும் குறை சொல்லாமல், ஒரு வார்த்தை கூட்டாமல், தன் கால் மேலேயே சந்தேகப்பட்டு அதையும் சோதித்து எழுதியிருந்தான். வைத்தியம் என்றால் இதுதான் வைத்தியம். இந்த அட்டையைத்தான் நாலு பேருக்கு முன்னால் சிரித்துத் தள்ளினோம்.

“என்னண்ணே, சத்தத்தையே காணோம்?” என்றாள் அவள். “ஆளு இருக்கீங்களா?”

டாக்டர் கிரீஸ் கன்னை எட்டித் தள்ளி வைத்தார். அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, முதுகால் நகர்ந்து வெளியே வந்தார்.

“முதலாளி எத்தனை மணிக்கு வருவாரு?”

பத்து மணிக்கு வந்தார். கையில் சாவிக்கொத்தும் நெற்றியில் அவசரமும் எப்போதும் இருக்கிற மனிதர். சத்தம் கண்டுபிடிச்சாச்சா டாக்டர் என்று கேட்டபடியே கடைக்குள் போகப் பார்த்தார். ஐந்து நிமிடம் வண்டியில் உட்காருங்கள் என்று டாக்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தோரணையில் ஏதோ இருந்திருக்க வேண்டும். முதலாளி ஏறி உட்கார்ந்தார்.

ஓட்டுகிற இருக்கையில் டாக்டரே ஏறினார். அந்த வட்டாரத்தில் அவருடைய காலைக் குறை சொல்ல ஆள் கிடையாது. குடோன் வாசலில் இருக்கிற சின்ன மேட்டில் நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, பூ மேல் கால் வைப்பது போலக் கிளட்ச்சை விட்டார்.

டொக்.

பின்னால் பெட்டிகள் முட்டிக்கொண்டன. முதலாளி திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரின் காலைப் பார்த்தார்.

“என்ன டாக்டர், உங்க காலும் கெட்டுப்போச்சா?”

டாக்டர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஆறு வாரத்துக்கு முன் ஃபோனில் மூச்சு விடாமல் சொன்னவருக்கு, இப்போது இன்ஜினையும் அணைத்துவிட்டுத்தான் வாய் திறக்க முடிந்தது.

“கால் நல்லாதான் இருந்துச்சு. வண்டிதான் சரியில்ல. வண்டிய அப்படி ஆக்கினது நான்.”

பெயின்ட் கதையையும் கிரீஸ் கதையையும் ஒன்று விடாமல் சொன்னார். முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மற்ற ஐந்து வண்டியின் அடியிலும் இதே மைதானா என்று கேட்டார். தெரியாது, இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பார்த்துக் கொடுங்கள், அதற்கப்புறம் வண்டிகளை எங்கே விடுவதென்று யோசிக்கிறேன் என்றார் முதலாளி. அதில் தப்புக் கண்டுபிடிக்க டாக்டருக்கு ஒன்றும் இல்லை.

வண்டியை அந்தப் பெண் ஒழுங்காக ஓட்டுகிறாள், அவளை எடுக்க முடியாது என்றும் முதலாளி சொன்னார். எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். அவருக்கு வேண்டியது வேறு. மைத்துனன் வேலை கேட்டுப் போய்த் திரும்பிய இடங்களில் ஒன்று, முதலாளியின் கூட்டாளி நடத்துகிற லாரி ஆபீஸ். அன்றைக்கு அந்த மனிதர் முதலாளியிடம் விசாரித்திருக்கிறார்; முதலாளி டாக்டரின் இரண்டு வாக்கியத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறார்.

“இப்பவே ஃபோன் போடுங்க. என்கிட்ட குடுங்க. நானே சொல்றேன்.”

முதலாளி ஃபோனை எடுத்தார், ஆனால் போடவில்லை. “உங்க பேர் கெட்டுடும் டாக்டர். அந்த ஆளு வாய் சும்மா இருக்காது.”

“தெரியும். அதனாலதான் போடச் சொல்றேன். அவன் பேரு அந்த வாய் வழியாத்தான் போச்சு.”

மத்தியானம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பார்க்கிங்குக்கு நடந்தே போனார். தகரக் கூண்டுக்குள் ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில், டோக்கன் கட்டு. மைத்துனன் தலையை நிமிர்த்தினான். ஆறு வாரத்தில் கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எழுந்திருக்கவில்லை.

“வாங்க டாக்டர். வண்டி எங்க?” என்றான். மாமா இல்லை, டாக்டர். பிறகு தலைக்கு மேலே இருந்த பலகையைக் கட்டைவிரலால் காட்டினான். வாகனம் இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது. “இங்கயும் ஒரு போர்டு இருக்கு.”

டாக்டர் பார்க்கிங் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, கூண்டின் சின்ன ஜன்னல் வழியாக நீட்டினார். அவன் அதை வாங்கினான். உள்ளே வந்த ஒரு ஸ்கூட்டருக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தான்.

“படிச்சீங்களா?”

“படிச்சேன். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு.”

“லோடோடயா?”

“லோடோட.”

அவன் பார்வை ஒரு நொடி டாக்டரின் இடது கைக்குப் போய்த் திரும்பியது. எங்கே கோளாறு என்று கேட்டான். ஷாஃப்ட் சறுக்கல் என்று சொன்னார். ஏன் என்று கேட்டான். அதையும் சொன்னார். முதலாளியிடம் சொன்னதை, லாரி ஆபீஸ்காரரிடம் சொன்னதை, திங்கட்கிழமை வந்து ஓட்டிக் காட்டச் சொல்லு என்று அந்த மனிதர் முனகியதை எல்லாம் சொன்னார். மன்னிச்சுக்கோ என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி. அது வருவதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“கிரீஸ் அடிச்சாச்சா?”

“இல்ல. நிப்பிளைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். சத்தம் அப்படியே இருக்கு. நீ வந்து அடி மாப்ள.”

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூண்டை விட்டு நடுவில் வர முடியாது, மாற்றாள் ஐந்து மணிக்குத்தான் வருவான் என்றான். டாக்டர் சரி என்றார். அதற்குள் மற்ற ஐந்து வண்டிகளின் அடியிலும் படுத்து எழுந்துவிடலாம். படுத்தார், இரண்டில் நிப்பிளை அதே மை அடைத்திருந்தது.

ஐந்தேகாலுக்கு அவன் குடோனுக்கு வந்தான். மறுநாளைக்கான லோடு வண்டியில் தயாராக ஏறியிருந்தது. புது டிரைவர் அவனைப் பார்த்து, அந்த அட்டை நீங்க எழுதினதா, ரெண்டாவது கியர் விஷயம் எனக்குத் தெரியாமப் போச்சே என்றாள். அவன் வெட்கத்தோடு சிரித்தான். கட்டைகளைத் தானே வைத்தான், தானே உள்ளே போனான். வெளியே தெரிந்த கால்களைப் பார்த்துக்கொண்டு டாக்டர் நின்றார். கிரீஸ் கன்னை அழுத்தும் ஓசை கேட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து. பழைய துரு கலந்த கசடு பிதுங்கி, அதன் பின்னால் சுத்தமான கிரீஸ் வருகிறது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, சீட்டைத் தன் உயரத்துக்குத் தள்ளிக்கொண்டான்.

டாக்டர் பின்னால் ஏறினார். பெட்டிகளுக்கும் கேபினுக்கும் நடுவே குந்தி, ஸ்க்ரூடிரைவரை நடுவயிற்றில் ஊன்றி, காதை வைத்து, கண்ணை மூடினார்.

வண்டி கிளம்பியது. எப்போது கிளம்பியது என்று தெரியவில்லை. குடோன் மேட்டில் நின்றது, மறுபடி கிளம்பியது. கைப்பிடி வழியாக இன்ஜினின் மூச்சு மட்டும் சீராக வந்தது. தெருமுனையில் மூன்றாவது தடவை நின்றபோது, கேபினின் பின் ஜன்னல் நகர்ந்தது.

“கேக்குதா?”

“இல்ல.”

“நல்லா கேட்டுப் பாருங்க. வண்டி சரியாதான் இருக்கு.” கொஞ்சம் இடைவெளி விட்டான். “காதுதான் சரியில்லையோ என்னவோ, மாமா.”

டாக்டர் ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

“இன்னொரு தடவை கிளம்பு மாப்ள,” என்றார்.